ஷட்டருக்கு ஒரு வழி, தண்ணீருக்கு ஒரு வழி

கூடலூரில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஓர் இணையத்தளம் ஆரம்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்னீர் திராட்சை வியாபாரமோ, சுருளி அருவிக்கு வருகிறவர்களுக்கு அறை வாடகையோ, ஏதோ ஒன்று. இடம் கொடுத்த கம்பெனிக்காரர் ஒரு யூசர்நேம், ஒரு பாஸ்வேர்டு கொடுத்து, 'எஃப்.டி.பி.ல ஏத்திக்குங்க சார்' என்று போனை வைத்துவிடுவார். நீங்களும் இன்டர்நெட்டில் தேடுவீர்கள். வரிசையாக வந்து நிற்கும். எல்லாமே ஓசி. எதை எடுப்பது?

அவசரப்படாதீர்கள். பெண் பார்க்கப் போனால் குடும்பத்தைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிறோம் இல்லையா? இதற்கும் ஒரு குடும்பக் கதை உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் தேர்ந்தெடுப்பது சுலபம். தவிர, ஆரம்பித்து வைத்தவர் நம் நாட்டுக்காரர்.

அபய் பூஷண் என்று பெயர். அலகாபாத்தில் பிறந்தவர். கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் செட் மாணவர்களில் ஒருவர். 1963ல் அந்தக் கல்லூரிக்கு ஐ.பி.எம். 1620 என்ற கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அங்கே படித்துக்கொண்டிருந்தார். 1965ல் பட்டம் வாங்கிக்கொண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனார். அங்கேதான் அர்ப்பாநெட் வேலை அவர் கைக்கு வந்தது. இன்றைய இன்டர்நெட்டுக்குத் தாத்தா முறை.

தாத்தாவின் குடும்பம் அப்போது ரொம்பச் சின்னது. 1971ல் மொத்தமே இருபது சொச்சம் கம்ப்யூட்டர்கள். ஆனால், ஒன்று எழுதி வைத்தது இன்னொன்றுக்குப் புரியாது. கம்பெனிக்குக் கம்பெனி எழுத்தைச் சேமிக்கும் விதமே வேறு. ஒரு ஊர்ப் படி, இன்னொரு ஊர்ப் பக்கா மாதிரி. இந்தக் குழப்பத்துக்கு நடுவே, ஃபைலை இங்கிருந்து அங்கே அனுப்பவும் அங்கிருந்து எடுக்கவும் ஒரு பொதுவான பேச்சு வழக்கை எழுதினார் பூஷண். 1971 ஏப்ரல் 16 தேதியிட்ட 'ஆர்.எஃப்.சி. 114' என்கிற ஆவணம். ஆர்.எஃப்.சி. என்றால் 'கருத்துச் சொல்லுங்கள்' என்று கேட்டு எழுதும் தாள். சட்டம் போடவில்லை, அபிப்பிராயம் கேட்டார்கள். ஆரம்ப நாள்களில் மின்னஞ்சல்கூட இந்த எஃப்.டி.பி.யின் முதுகில் ஏறிப் போயிருக்கிறது. பத்து வருஷம் கழித்துத்தான் தனிக்குடித்தனம்.

கவனித்தீர்களா? இருபது சொச்சம் கம்ப்யூட்டர். எல்லாம் பல்கலைக்கழகம், ஆராய்ச்சிக்கூடம். ஒருவரையொருவர் தெரிந்த கூட்டம். அங்கே திருடன் எப்படி வருவான்? அதனால் யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் மூடாத தபால் கார்டில் எழுதின மாதிரி அப்படியே போகும். வழியில் நிற்கிறவன் படிக்கலாம். 1985 அக்டோபரில் ஜான் போஸ்டல், ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் என்ற இருவர் விதிகளை ஒழுங்குபடுத்தி 'ஆர்.எஃப்.சி. 959' வெளியிட்டார்கள். இன்றைக்கும் அதுதான் வேதம். அதிலும் கார்டு மூடப்படவில்லை.

எஃப்.டி.பி. வேலை செய்யும் விதம் கூடலூர்க்காரர்களுக்குச் சட்டென்று புரியும். தேக்கடியில் ஷட்டரைத் தூக்கச் சொல்லி உத்தரவு போகிறது. அது ஒரு வழி. பெரியாறு தண்ணீரோ, 1895ல் திறந்துவைத்த காலம் தொட்டு, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் வந்து, லோயர் கேம்ப்பில் இறங்கி, கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்குப் பாய்கிறது. அது வேறு வழி. எஃப்.டி.பி.யும் அப்படியே. 'ஃபைலை எடு', 'ஃபைலை வை' என்ற உத்தரவு போக ஒரு வாய்க்கால். அதற்கு 21 என்று எண். ஃபைல் பாய்வதற்குத் தனியாக இன்னொரு வாய்க்கால்.

இதில் ஒரு சிக்கல். பழைய முறைப்படி இரண்டாவது வாய்க்காலை வெட்ட வேண்டியது நீங்கள் இல்லை, அந்தப் பக்கத்து சர்வர். அது உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். பிராட்பேண்ட் மோடம் என்ற வாட்ச்மேன், 'யாருய்யா நீ?' என்று விரட்டிவிடுவார். பாஸ்வேர்டு சரி, கனெக்‌ஷன் சரி, ஆனால் ஃபைல் பட்டியல் மட்டும் வராது. பலர் மண்டையைப் பிய்த்துக்கொண்ட இடம் இது. 'பேஸிவ் மோடு' என்று ஒன்று உண்டு. அதைப் போட்டால் இரண்டு வாய்க்காலையும் நீங்களே வெட்டிக்கொள்வீர்கள். வாட்ச்மேன் தொந்தரவு இல்லை. இன்றைய நல்ல புரோகிராம்கள் கேட்காமலே இதைச் செய்துவிடுகின்றன.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியப் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. பிறகு வந்த 33.6 கிலோபிட் மோடத்தில்கூட ஒரு எம்.பி. ஃபைல் போக, எல்லாம் சரியாக நடந்தால், நாலு நிமிஷம். நடுவில் யாராவது போன் ரிசீவரை எடுத்தால் போச்சு. அந்தக் காலத்தில் பிரபலம், 1993ல் ஜான் ஜூனோட் எழுதிய டபிள்யூ.எஸ்.எஃப்.டி.பி. இடது பக்கம் உங்கள் கம்ப்யூட்டர், வலது பக்கம் சர்வர், நடுவில் அம்புக்குறி. அதே அமைப்பைத்தான் இன்றும் பார்க்கிறீர்கள். அதன் இலவசப் பதிப்பு வீட்டு உபயோகத்துக்கும் கல்விக்கும் மட்டும். கடைக்கு வைத்துக்கொண்டால் காசு. 'இலவசம்' என்பதிலேயே பல ரகம் உண்டு.

2001 ஜனவரி. ஜெர்மனியில் டிம் காஸ்ஸே என்ற மாணவரும் இரண்டு வகுப்புத் தோழர்களும் கம்ப்யூட்டர் பாடத்துக்கான புராஜெக்டாக ஓர் எஃப்.டி.பி. புரோகிராம் எழுத உட்கார்ந்தார்கள். விற்கலாமா, சும்மா கொடுக்கலாமா என்று விவாதம். ஏற்கெனவே சந்தையில் ஏகப்பட்டது கிடக்கிறது, ஒரு காப்பிகூட விற்காது என்று முடிவு செய்து, மூல நிரலோடு சேர்த்து ஊருக்கே கொடுத்துவிட்டார்கள். அதுதான் ஃபைல்ஸில்லா. விற்காது என்று நினைத்த சரக்கு உலகம் பூராவும் பரவியது.

பரவினால் கூடவே திருடனும் வருவான். 2009ல் 'கம்ப்ளர்' என்றொரு வைரஸ், வீட்டுக் கம்ப்யூட்டர்களில் புகுந்து எஃப்.டி.பி. பாஸ்வேர்டுகளைத் திருடி, அவற்றை வைத்து அவர்கள் தளங்களிலேயே விஷத்தை ஏற்றியது. 2014 ஜனவரியில் இன்னொரு கூத்து. போலித் தளங்களில் போலி ஃபைல்ஸில்லா. பார்க்க அச்சு அசல். வேலையும் ஒழுங்காகச் செய்யும். நீங்கள் தட்டும் பாஸ்வேர்டை மட்டும் திருடனுக்கும் ஒரு காப்பி அனுப்பும். அசல் ஃபைல்ஸில்லாவிலும் ஒரு குறை இருந்தது. சேமித்த பாஸ்வேர்டுகளைப் பூட்டாமல் வைத்திருந்தது. அதைக் காப்பது விண்டோஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தின் வேலை என்பது அவர்கள் கட்சி. எனக்கு அந்த வாதம் ஒப்பவில்லை. 2017ல்தான் மாஸ்டர் பாஸ்வேர்டு வசதி வந்தது. தேடிப் போய் 'ஆன்' செய்யவேண்டும். செய்யுங்கள்.

குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021ல் எஃப்.டி.பி.யைக் கழற்றிவிட்டன. பூஷண் எழுதிச் சரியாக ஐம்பது வருஷம். அதனால் தனி புரோகிராம் இல்லாமல் இனி நடக்காது. விண்டோஸ் மட்டும்தான் என்றால் வின்எஸ்சிபி போதும். அதுவும் ஓசி, அதற்கும் மூல நிரல் திறந்தே இருக்கிறது. லினக்ஸ், மேக் என்றால் ஃபைல்ஸில்லா. எதுவானாலும் எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இன்ஸ்டால் செய்யும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று கண்ணை மூடிக்கொண்டு அமுக்காதீர்கள். இலவசத்தோடு வேண்டாத விருந்தாளி யாராவது ஒட்டிக்கொண்டு வருவார்.

அதற்கு முன்னால் கம்பெனிக்காரருக்கு ஒரு போன் போட்டு, 'எஸ்.எஃப்.டி.பி. இருக்கா?' என்று கேளுங்கள். பெயர்தான் உறவு மாதிரி. வேறு குடும்பம். 1995ல் ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருட, கடுப்பான டாட்டு இலோனன் என்பவர் எல்லாவற்றையும் பூட்டிய உறையில் அனுப்பும் எஸ்.எஸ்.ஹெச். முறையை உருவாக்கினார். அதில் பிறந்தது எஸ்.எஃப்.டி.பி. தன் முறைக்கு ஒரு போர்ட் எண் வேண்டும் என்று அவர் விண்ணப்பம் போட்டார். எஃப்.டி.பி.க்கு 21, டெல்நெட்டுக்கு 23, நடுவில் 22 காலியாக இருந்தது. அதையே கேட்டார். உடனே கிடைத்தது. ஒதுக்கிக் கொடுத்து பதில் எழுதியவர், எஃப்.டி.பி.யின் விதிகளை 1985ல் எழுதிய அதே ஜாய்ஸ் ரெனால்ட்ஸ்.