இரண்டாம் பேட்டரியின் வரலாறு

மிதிவண்டியில் மின் மோட்டாரைப் பொருத்தும் முயற்சி, பெட்ரோல் கார் தெருவுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அந்த முயற்சியின் வரலாற்றை மோட்டாரின் வழியே சொல்வதைவிடப் பேட்டரியின் வழியே சொல்வதுதான் பொருத்தம். ஏனெனில் வண்டியை நகர்த்தும் அளவுக்கு மோட்டார் எல்லாக் காலத்திலும் வலுவுடன் இருந்தது, ஒருமுறை மின்னேற்றினால் வண்டி எவ்வளவு தூரம் ஓடும் என்பதே ஒவ்வொரு தலைமுறையையும் வாட்டிய கேள்வி. ஓடுதூரம் என்று இங்கே குறிக்கப்படும் இந்த அளவைக் கூட்ட, ஏற்கெனவே உள்ள பேட்டரியோடு இன்னொன்றைச் சேர்ப்பது எவருக்கும் தோன்றக்கூடிய வழிதான். ஆனால் இரண்டாம் பேட்டரி தன் பங்கை மட்டும் தருவதில்லை, முதல் பேட்டரியின் பாரத்தையும் குறைக்கிறது. இந்த உண்மையை உணர்ந்தவர்களே ஓடுதூரச் சிக்கலை ஓரளவாவது வென்றிருக்கிறார்கள்.

மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய-அமிலக் கலத்தை 1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். 1881-இல் கமிய் ஃபோர், ஈயத் தகடுகளின்மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசும் முறையைக் கண்டு, அதே எடையில் மிகுதியான மின்சாரத்தைச் சேமிக்க வழிசெய்தார். அவ்வாண்டின் ஏப்ரலில் குஸ்தாவ் ட்ரூவே, பாரிஸின் வால்வா தெருவில் மின் மோட்டாரால் ஓடும் மூன்று சக்கர மிதிவண்டி ஒன்றை மணிக்கு ஏறத்தாழ 12 கி.மீ. வேகத்தில் ஓட்டிக் காட்டினார். அடுத்த ஆண்டு லண்டனில் வில்லியம் அயர்டன், ஜான் பெரி ஆகிய இரு பேராசிரியர்கள் பத்து ஈயக் கலங்கள் கொண்ட மூன்று சக்கர வண்டியை இயக்கினார்கள். வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் கலங்களை ஒவ்வொன்றாகச் சுற்றில் சேர்ப்பதும் விலக்குவதுமே அவர்கள் கையாண்ட உத்தி. பாதையின் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்து அவ்வண்டியின் ஓடுதூரம் 16 முதல் 40 கி.மீ. வரை மாறியது என்று குறிக்கப்படுகிறது. ஓடுதூரம் பேட்டரியின் நிலையான குணமன்று, பயணத்தைப் பொறுத்து மாறுவது என்பதற்கு இதுவே தொடக்கச் சான்று.

இரு சக்கர மிதிவண்டிக்கு இந்த எண்ணம் வந்து சேர்ந்தது அமெரிக்காவில். ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரைச் சேர்ந்த ஆக்டன் போல்டன், 1895 டிசம்பர் 31 அன்று பெற்ற காப்புரிமையில், பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளேயே மோட்டாரை அடக்கியிருந்தார். இன்று ஹப் மோட்டார் எனப்படுவது இதுவே. பேட்டரியும் இன்று பலர் வைப்பதுபோலச் சட்டத்தின் நடுவில் தொங்கியது. அந்த மோட்டார் 10 வோல்ட் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் வரை இழுக்கக்கூடியது என்கிறது காப்புரிமை. 1,000 வாட் திறன் காகிதத்தில் கவர்ச்சியானதுதான். ஆனால் மிதிவண்டி தாங்கக்கூடிய சிறிய ஈயப் பேட்டரியிடம் 100 ஆம்பியர் கேட்பது அதைச் சில நிமிடங்களில் வறட்டிவிடும்.

அதற்கான காரணத்தைக் கணக்காக வடித்தவர் ஜெர்மானிய அறிவியலாளர் வில்ஹெல்ம் பாய்கெர்ட். ஈய-அமிலக் கலத்திலிருந்து எவ்வளவு வேகமாக மின்சாரத்தை இழுக்கிறோமோ, அவ்வளவு குறைவாகவே அதன் மொத்தக் கொள்ளளவு நமக்குக் கிடைக்கும் என்று 1897-இல் அவர் நிறுவினார். தகடுகளின் நுண்துளைகளுக்குள் இருக்கும் அமிலம் தீரத் தீர வெளியிலிருந்து புதிய அமிலம் ஊறிச் சேர வேண்டும்; மின்னோட்டம் மிகும்போது அந்த ஊறலுக்கு நேரம் போதாமல், பேட்டரிக்குள் மின்சாரம் எஞ்சியிருக்கும்போதே மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது. 12 ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட ஒரு சாதாரண ஈயப் பேட்டரியை எடுத்துக்கொண்டால், அந்த எண் 20 மணி நேரம் சிறுகச் சிறுக, அதாவது 0.6 ஆம்பியர் வீதம், இழுக்கும்போது கிடைப்பது. இந்த இழப்பின் அளவைக் காட்டும், பேட்டரிக்குப் பேட்டரி மாறும் பாய்கெர்ட் அடுக்கை 1.2 என்று கொண்டால், 10 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரில் அது 72 நிமிடம் ஓட வேண்டியதற்கு மாறாக ஏறத்தாழ 41 நிமிடமே ஓடும். அதே அளவுள்ள இன்னொரு பேட்டரியைப் பக்க இணைப்பில், அதாவது நேர்முனையை நேர்முனையோடும் எதிர்முனையை எதிர்முனையோடும், சேர்த்தால் ஒவ்வொன்றும் 5 ஆம்பியர் மட்டுமே தரும். ஓட்டநேரம் 94 நிமிடமாகிறது. இரண்டு பேட்டரிக்கு இரு மடங்கு எதிர்பார்த்தவருக்கு ஏறத்தாழ 2.3 மடங்கு கிடைக்கிறது. 36 வோல்ட் வண்டிக்கு மூன்று பேட்டரிகள் கொண்ட இந்தக் கூடுதல் தொகுதி 12 கிலோ அளவுக்குக் கனக்கும் என்றாலும், வண்டியும் ஆளும் சேர்ந்து 110 கிலோ இருக்கையில் ஏற்றத்தில்கூட அது கேட்கும் கூடுதல் ஆற்றல் பத்தில் ஒரு பங்கை ஒட்டியதே. தட்டைச் சாலையில் இன்னும் குறைவு. எடை தொல்லை தருவது வேறிடத்தில்: பின்பக்கக் கேரியரில் அத்தனை ஈயத்தை ஏற்றினால் வண்டியின் சமநிலை குலையும்.

கூடுதல் பேட்டரியைச் சுமக்காமல் வழியிலேயே மாற்றிக்கொள்ளும் ஏற்பாடும் பழையதே. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு மின் நிறுவனம் 1910-களில், பேட்டரி இல்லாமல் விற்கப்பட்ட மின் லாரிகளுக்கு மின்னேற்றிய பேட்டரிகளை மாற்றித் தந்து, ஓடிய மைலுக்கேற்பக் கட்டணம் வாங்கியது. மிதிவண்டிக்கு அந்த வாய்ப்பு அப்போது வரவில்லை. பெட்ரோல் எஞ்சின் பெருகியதும் மின்மிதிவண்டியே பல பத்தாண்டுகள் மறக்கப்பட்டது.

அது மீண்டும் தலையெடுத்தது 1990-களில். யமஹா 1993-இல் ஜப்பானில் வெளியிட்ட பாஸ் என்ற வண்டி, மிதிக்கும் விசையை அளந்து அதற்கேற்ப மோட்டார் துணைநிற்கும் முறையைக் கொண்டுவந்தது; அதிலும் ஈயப் பேட்டரிதான், ஓடுதூரமும் சுமார் 20 கி.மீ.தான். அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் 1994-இல் தொடங்கப்பட்ட ஸாப் நிறுவனம், வீட்டிலுள்ள சாதாரண மிதிவண்டியை மின்வண்டியாக மாற்றும் கிட்டை, அதாவது மாற்றுத் தொகுப்பை, விற்றது. அதில் மோட்டாரோடு சேர்ந்த உருளை பின்டயரை உரசிச் சுழற்றியது. பின்னர் சீனத் தொழிற்சாலைகளின் ஹப் மோட்டார்கள் மலிவாகக் கிடைக்கவே, சக்கரத்தில் ஒரு மோட்டார், மின்னோட்டத்தை ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர், கைப்பிடியில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு திராட்டில், ஒரு பேட்டரி என்ற வடிவம் உலகெங்கும் நிலைபெற்றது. இந்த வடிவத்தில் பேட்டரியும் கன்ட்ரோலரும் இரண்டே கம்பிகளால் இணைகின்றன. மின்னழுத்தம் பொருந்தினால் போதும், பேட்டரி எந்த ஊரில் எவர் செய்தது என்று கன்ட்ரோலர் கேட்பதில்லை. இரண்டாம் பேட்டரி சாதாரணப் பயனரின் கைக்கு எட்டியதற்கு இந்தத் திறந்த அமைப்பே காரணம். கிட்டின் எளிமையைக் குறையாகக் காண்பவர்கள் அதன் இந்த வலிமையைக் கவனிப்பதில்லை.

லித்தியம் அயனிக் கலம் கணக்கை மாற்றியது. ஸ்டான்லி விட்டிங்ஹாம், ஜான் குட்எனஃப், அகிரா யோஷினோ ஆகியோரின் ஆய்வுகள் வழியே உருப்பெற்று, 1991-இல் சோனியால் சந்தைக்கு வந்த இந்தக் கலத்தில் பாய்கெர்ட் விளைவு மிகச் சிறிது. ஆகவே இங்கே இரண்டாம் பேட்டரி ஓடுதூரத்தை இரு மடங்கையொட்டியே கூட்டுகிறது. ஆயினும் பாரம் பாதியாவதால் ஏற்றத்தில் மின்னழுத்தம் தளர்வது குறைகிறது, கலங்கள் சூடாவது குறைகிறது, ஒவ்வொரு பயணத்திலும் அடிமட்டம் வரை வற்றாததால் ஆயுளும் நீள்கிறது.

அதேசமயம் ஈயம் பொறுத்துக்கொண்ட கவனக்குறைவை லித்தியம் பொறுப்பதில்லை. 13 கலங்கள் தொடரில் அமைந்த 48 வோல்ட் பேட்டரி, முழு மின்னேற்றத்தில் 54.6 வோல்ட் காட்டும். 54 வோல்டில் உள்ள ஒன்றையும் 46 வோல்டுக்கு இறங்கிய மற்றொன்றையும் அப்படியே பக்க இணைப்பில் சேர்த்தால், ஒவ்வொன்றின் உள்தடையும் 0.1 ஓம் என்று கொண்டாலும், 8 வோல்ட் வேறுபாடு 0.2 ஓமின் வழியே 40 ஆம்பியரை நிரம்பியதிலிருந்து வற்றியதற்குள் பாய்ச்சும். பல சிறு பேட்டரிகள் ஏற்கத்தக்க மின்னேற்ற அளவைவிட இது பல மடங்கு. இதைத் தவிர்க்க இரு பேட்டரிகளையும் ஒரே மின்னழுத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே இணைப்பது ஒரு வழி; ஒன்று தீர்ந்தபின் சுவிட்சால் மற்றொன்றுக்கு மாறுவது இன்னொரு வழி, ஆனால் அதில் பாரம் பகிரப்படுவதில்லை. மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடை ஒவ்வொரு பேட்டரிக்கும் முன்னால் வைப்பவர்களும் உண்டு; அது அரை வோல்ட் அளவுக்கு விழுங்கிக்கொள்வதால் 15 ஆம்பியரில் 7 வாட்டுக்கும் மேல் வெப்பமாகிறது, பிரேக் பிடிக்கும்போது மோட்டார் திருப்பித் தரும் மின்சாரமும் பேட்டரிக்குப் போகாமல் தடைபடுகிறது.

பெரிய நிறுவனங்கள் இந்த முடிச்சை மின்னணுவியலால் அவிழ்த்தன. போஷ் நிறுவனத்தின் இரட்டைப் பேட்டரி அமைப்பு இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துகிறது. ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தண்ணீர்ப் பாட்டில் வைக்கும் இடத்தில் செருகும் 160 வாட்-மணித் துணைப் பேட்டரியை விற்கிறது. பாதுகாப்பு உண்டு, ஆனால் நிறுவனத்தின் சொந்தப் பேட்டரியைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது. கிட்டின் திறந்த தன்மைக்கும் இந்த மூடிய பாதுகாப்புக்கும் இடையில் மாட்டிக்கொண்டவர்கள், நாள் முழுதும் ஓடவேண்டிய உணவு விநியோகத் தொழிலாளர்கள். நியூயார்க் நகரில் 2023-இல் லித்தியம் பேட்டரித் தீ விபத்துகளில் 18 பேர் உயிரிழந்தனர். அவ்வாண்டு செப்டம்பரிலிருந்து சான்றளிக்கப்படாத மின்மிதிவண்டிகளையும் பேட்டரிகளையும் விற்பது அங்கே தடைசெய்யப்பட்டது. மலிவான பேட்டரியை நாடியவர்களின் தேவை அந்தத் தடையால் மறைந்துவிடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சீனாவில் ஓடுதூரத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான இழுபறி சட்டத்தின் எண்களிலேயே பதிவாகியுள்ளது. 1999-இன் தேசியத் தரவிதி வண்டியின் எடையை 40 கிலோவுக்குள் நிறுத்தியது. அதிக தூரம் ஓட விரும்பிய வாடிக்கையாளருக்காக உற்பத்தியாளர்கள் 36 வோல்டிலிருந்து 48 வோல்டுக்கு, அதாவது மூன்று ஈயப் பேட்டரிகளிலிருந்து நான்குக்கு, நகர்ந்தபோது அந்த எல்லை பல வண்டிகளில் மீறப்பட்டது. 2019 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதி 55 கிலோவை அனுமதித்தாலும், அதற்குள் நல்ல ஓடுதூரம் பெற எடை குறைந்த லித்தியமே உதவியது. 2024 பிப்ரவரியில் நான்ஜிங் நகரின் குடியிருப்புக் கட்டடம் ஒன்றில், மின்மிதிவண்டிகள் நிறுத்தியிருந்த தரைத்தளத்தில் தொடங்கிய தீயில் 15 பேர் இறந்தனர். அதன்பின் திருத்தப்பட்டு 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறையிலுள்ள விதி, ஈயப் பேட்டரி வண்டிகளுக்கு மட்டும் எடை எல்லையை 63 கிலோவாக உயர்த்தியிருக்கிறது. கூடுதலாக விட்டுக்கொடுத்த அந்த 8 கிலோ, 12 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரிகள் இரண்டின் எடைக்கு ஏறக்குறையச் சமம்.