ஆனந்திபாய் ஜோஷிக்குப் பரிந்துரை செய்தவர் யார்? மருத்துவக் கல்லூரி வாயிலில் ஒரு கடிதத்தின் வரலாறு

விண்ணப்பப் பருவம் வந்துவிட்டால் மாணவர்களிடையே சில கேள்விகள் தவறாமல் எழுகின்றன. பரிந்துரைக் கடிதத்தை எந்தப் பேராசிரியரிடம் கேட்பது? எழுதித் தருவதாகச் சொன்னவர் மௌனமாக இருந்தால் எத்தனை நாள் பொறுப்பது? நினைவூட்டினால் சினம் கொள்வாரோ? மருத்துவம் முடித்து அமெரிக்காவில் உயர்பயிற்சிக்கு முயல்வோர்க்கு இந்தக் கவலை இன்னும் கூடுதல். ஆயினும் இக்கேள்விகள் இந்தத் தலைமுறையில் பிறந்தவை அல்ல. இந்தியப் பெண்கள் மருத்துவக் கல்வியின் வாயிலைத் தட்டத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேயே இவை கடிதங்களாக எழுதப்பட்டு, கடல் கடந்து சென்று, விடைக்காகக் காத்திருந்தன.

முதலில் ஒரு சொல்லைக் கவனிப்போம். பாரசீகத்திலிருந்து வந்த 'சிபாரிசு' என்னும் சொல் தமிழில் மட்டுமல்லாது இந்தி, உருது, மராத்தி, வங்காளம் ஆகிய மொழிகளிலும் சிறிய ஒலி வேறுபாடுகளுடன் வழங்குகிறது. தகுதி குறைந்த ஒருவர் செல்வாக்குள்ளவரின் துணையால் உள்ளே நுழைவதையே இன்றைய பேச்சில் அச்சொல் பெரிதும் குறிக்கிறது. 'பரிந்துரை' என்பதில் அந்தக் கறை இல்லை. பரிவுடன் உரைப்பது என்னும் பொருள் அதில் வெளிப்படையாகவே இருக்கிறது. ஒரே செயலுக்கு நம்மிடம் இரு சொற்கள் உள்ளன. ஒன்று ஐயத்தையும் மற்றொன்று மதிப்பையும் சுமக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலான தொலைவில்தான் ஆனந்திபாயின் கதை நிகழ்கிறது.

1865ஆம் ஆண்டு மார்ச் 31 அன்று, இன்றைய மகாராட்டிரத்தின் கல்யாணில் பிறந்தவர் ஆனந்திபாய். ஒன்பது வயதில் திருமணம். கணவர் கோபால்ராவ் ஜோஷி அஞ்சல் துறை எழுத்தர். மனைவிக்குக் கல்வி புகட்டியே தீர்வது என்ற பிடிவாதம் கொண்டவர். ஆனந்திபாய் 14 வயதில் ஈன்ற ஆண் குழந்தை பத்து நாட்களே உயிர் வாழ்ந்தது. பெண்களுக்கு உரிய மருத்துவ உதவி கிடைக்காத நிலை அந்த இழப்பின் வழியே அவருக்கு உறைத்தது.

அன்று அவருக்கு என்ன வழிகள் இருந்தன? சென்னை மருத்துவக் கல்லூரி 1875இலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டது. அங்கும் அன்றைய தலைமை மருத்துவ அதிகாரி எட்வர்டு பால்ஃபரின் ஆதரவு இருந்ததனாலேயே கதவு திறந்தது. கல்கத்தா அப்போது பெண்களை ஏற்கவில்லை. பின்னாளில் அபலா போஸ் என அறியப்பட்ட அபலா தாஸ், அங்கு இடம் மறுக்கப்பட்டு, 1882இல் வங்க அரசின் உதவித்தொகையுடன் சென்னைக்கு வந்து பயின்றார். விதிகள் தெளிவாக இல்லாத இடத்தில் தனிமனிதரின் ஒரு சொல்லே விதியின் வேலையைச் செய்தது.

இந்தச் சூழலில்தான் கோபால்ராவ் அமெரிக்க மறைப்பணியாளரான ராயல் வைல்டருக்கு எழுதினார். மனைவி அமெரிக்காவில் பயில வழி உண்டா, தமக்கு அங்கே ஒரு வேலை கிடைக்குமா என இரண்டையும் ஒன்றாகக் கேட்டார். உதவி வேண்டுமெனில் கிறித்தவ நெறியை ஏற்க வேண்டும் என்ற பொருளில் மறுமொழி அமைந்தது. தம்பதியர் அதற்கு இசையவில்லை. கேட்ட அளவில் அந்த முயற்சி தோற்றுவிட்டது என்றே சொல்ல வேண்டும்.

ஆனால் வைல்டர் அக்கடிதப் போக்குவரத்தைத் தாம் நடத்திய மறைப்பணி இதழில் அச்சிட்டார். நியூ ஜெர்சி மாநிலத்தின் ரோசெல் ஊரைச் சேர்ந்த தியோடிசியா கார்ப்பெண்டர், பல் மருத்துவரைக் காணக் காத்திருந்த வேளையில் 1880இல் அவ்விதழைப் படிக்க நேர்ந்தது. முன்பின் அறியாத அப்பெண்மணி ஆனந்திபாய்க்குக் கடிதம் எழுதினார். மறுமொழி சென்றது. அதற்கும் மறுமொழி வந்தது. ஏறத்தாழ மூன்றாண்டுகள் இந்தக் கடிதத் தொடர்பு நீடித்தது. ஆனந்திபாயின் உடல் நலிந்தபோது கார்ப்பெண்டர் அமெரிக்காவிலிருந்து மருந்துகளும் அனுப்பினார்.

வரலாற்று நூல்கள் பெரும்பாலும் பல் மருத்துவர் வீட்டுத் தற்செயலையே வியந்து நிற்கின்றன. என் பார்வையில் வியப்புக்குரியது அந்த மூன்றாண்டுத் தொடர்ச்சியே. ஒரு கப்பல் தபாலுக்கும் அடுத்ததற்கும் இடையே வாரங்கள் கழியும் காலம் அது. அந்த இடைவெளிகளைத் தாண்டி ஒரு பெண் தன் நாட்டைப் பற்றியும், தன் பழக்கவழக்கங்களைப் பற்றியும், தன் விருப்பத்தைப் பற்றியும் விடாது எழுதிக்கொண்டிருந்தார். இதன் பயனாகவே, கார்ப்பெண்டர் பின்னர் அவரைத் தம் இல்லத்தில் வரவேற்றபோது அவர் அந்நியராக இல்லை. ஒருவரைப் பற்றி நாலு வரி நல்லதாக எழுத வேண்டுமானால் அவரை முதலில் அறிந்திருக்க வேண்டும். அறிவதற்குக் காலம் வேண்டும்.

தார்பர்ன் என்னும் மருத்துவத் தம்பதியர் பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியைச் சுட்டிக் காட்டினர். 1883 பிப்ரவரி 24 அன்று செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் ஆனந்திபாய் பொதுமக்கள் முன் பேசினார். ஏன் அமெரிக்கா, ஏன் இந்தியாவிலேயே பயிலக் கூடாது, ஏன் தனியாகச் செல்ல வேண்டும் என்ற கேள்விகளைத் தாமே எழுப்பி விடையளித்தார். ஏப்ரலில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி ஜூனில் நியூயார்க் அடைந்தார்.

சேர்க்கைக்கான முக்கிய ஆவணமாக இன்று எஞ்சியிருப்பது, கல்லூரி நிர்வாகி ஆல்பிரட் ஜோன்ஸுக்கு 1883 ஜூன் 28 அன்று அவரே எழுதிய கடிதம். அதன் அமைப்பு ஆராயத்தக்கது. நுழைவுத் தகுதிகள் அனைத்தும் தம்மிடம் இல்லாதிருக்கலாம் என்பதை அவர் மறைக்கவில்லை. உறவினரும் சாதியாரும் எதிர்த்தும் இங்கு வந்து சேர்ந்த உறுதியையே தம் தகுதிக்குச் சான்றாக முன்வைக்கிறார். ஆண் மருத்துவரிடம் செல்வதைவிட இறப்பதே மேல் எனக் கருதும் பெண்களுக்குத் துணை நிற்பதே தம் நோக்கம் என்கிறார். கல்லூரித் தலைவர் ரேச்சல் போட்லி அவரைச் சேர்த்துக்கொண்டார். 1886 மார்ச்சில் ஆனந்திபாய் பட்டம் பெற்றார். அவரது ஆய்வேடு இந்துக்களின் மகப்பேற்று மருத்துவத்தைப் பற்றியது. கோல்காப்பூர் மருத்துவமனையில் பெண்கள் பிரிவின் பொறுப்பு அவருக்காகக் காத்திருந்தது. காசநோய் அதற்கு இடம் தரவில்லை. 1887 பிப்ரவரி 26 அன்று, 22 வயது நிறைவதற்குள் புனேவில் மறைந்தார்.

ருக்மாபாயின் வரலாறும் இதனோடு ஒப்பிடத்தக்கது. குழந்தைப் பருவத்தில் நடந்த திருமணத்தை ஏற்க மறுத்து நீதிமன்றம் வரை போராடிய அவர், 1885இல் 'ஓர் இந்துப் பெண்' என்னும் புனைபெயரில் டைம்ஸ் ஆஃப் இந்தியாவுக்கு எழுதிய கடிதங்களால் அறியப்பட்டார். பம்பாய் காமா மருத்துவமனையின் எடித் பீச்சி அவருக்கு ஆதரவளித்தார். 1889இல் இலண்டன் சென்று மகளிர் மருத்துவப் பள்ளியில் பயின்று, 1894இல் மருத்துவரானார். இங்கும் பிறர் தந்த ஆதரவுக்கு முன்னால் அவரே எழுதிய எழுத்து நிற்கிறது.

கடிதம் பெற்றவர் கடிதம் எழுதுபவராக மாறியதும் இவ்வரலாற்றில் உண்டு. பண்டித ரமாபாய் 1887இல் வெளியிட்ட 'உயர்சாதி இந்துப் பெண்' நூல் ஆனந்திபாயின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அதற்கு முன்னுரை எழுதியவர் ரேச்சல் போட்லி. ஒரு மாணவிக்குத் திறந்த கதவு, அடுத்த பெண்ணின் குரலை அமெரிக்க வாசகரிடம் கொண்டு சேர்க்கும் பரிந்துரையாயிற்று.

இக்கதையை வெற்றிக் கதையாக மட்டும் படித்தல் நேர்மையாகாது. ஆனந்திபாய் சித்பாவன பிராமணக் குடும்பத்தவர். ஆங்கிலம் அறிந்த, தபால் துறையில் பணிபுரிந்த, எழுதத் தயங்காத கணவர் அவருக்கு இருந்தார். அதே ஆண்டுகளில் அதே ஆர்வத்துடன், எழுதுவதற்கு முகவரியே அறியாமல் இருந்த பெண்கள் எத்தனை பேர்? அவர்களுடைய கடிதங்கள் ஆவணக் காப்பகத்தில் இல்லை, ஏனெனில் அவை எழுதப்படவே இல்லை. பரிந்துரையை அடிப்படையாகக் கொண்ட எந்த முறையும், அறிமுகம் உடையவரை மட்டுமே காணும் கண்களைக் கொண்டது.

இந்தியாவின் இளநிலை மருத்துவச் சேர்க்கையில் இன்று பரிந்துரைக் கடிதத்துக்கு இடமில்லை. நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணே பேசுகிறது. 'சிபாரிசு' மீதான நம் ஐயமும் இதற்கு ஒரு காரணம். அந்த ஐயத்தில் நியாயமும் உண்டு. ஆனால் பயிற்சி மையத்துக்குக் கட்டணம் செலுத்த இயலும் குடும்பத்தின் வசதியும் மதிப்பெண்ணுக்குள் ஒளிந்தே இருக்கிறது. அமெரிக்காவிலோ கடிதம் இன்னும் உயிருடன் இருக்கிறது. 1974இல் இயற்றப்பட்ட அந்நாட்டுச் சட்டம் மாணவர் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையை வழங்கியது. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அவ்வுரிமையை எழுத்து மூலம் துறப்பதே விண்ணப்பதாரரிடையே வழக்கமாகிவிட்டது. தாம் பார்க்க இயலாத சொற்களை நம்பியே இன்றைய மாணவரும் நிற்கிறார்.

ஆகவே கேட்கும் மாணவர்க்கு இவ்வரலாறு மூன்று செய்திகளைத் தருகிறது. கோபால்ராவ் செய்ததுபோல் ஒரே மடலில் இரண்டு வேண்டுகோள்களைக் கலக்காதீர்கள். ஒரு மறுப்புடன் முயற்சி முடிந்துவிட்டதாகக் கருதாதீர்கள். உங்களைப் பற்றி எழுதவிருப்பவர்க்கு, எழுதுவதற்கு உரிய செய்தியை நீங்களே முதலில் எழுதிக் கொடுங்கள்: என்ன பயின்றீர்கள், எங்கே குறை உள்ளது, எதற்காக இந்தப் படிப்பு என்பவற்றை ஒரு பக்கத்தில். இரண்டு வாரம் கழித்து, இறுதி நாளைக் குறிப்பிட்டுப் பணிவாக நினைவூட்டுவது தொல்லையாகாது. ஆசிரியரின் பளுவை அது குறைக்கவே செய்யும்.

ஆசிரியர்களுக்குச் சொல்ல ஒன்றே உண்டு. எழுத இயலாவிடில் உடனே இயலாது என்று சொல்லிவிடுங்கள். வைல்டரின் மறுப்புகூட அச்சேறி ஒரு பெண்ணுக்கு வழி திறந்தது. விடையே வராத கடிதத்தால் அப்படி யாருக்கும் ஒரு வழி திறந்ததில்லை.