ஈய வரியும் இருப்புப்பாதையும்: மலாயாவில் பயணிகள் ரயில் சேவை உருவான வரலாறு

மலேசியாவின் மேற்குக் கரையில் இன்று ஓடும் பயணிகள் ரயில்களுள் பல, பயணிகளை எண்ணி வகுக்கப்படாத தடங்களிலேயே ஓடுகின்றன. தடங்களை வகுத்தது ஈயம். அவற்றிற்குப் பணம் தந்ததும் ஈயமே எனலாம்.

1885ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டிற்கும் இடையே முதல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 8 மைல். இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படையினர் அதனை அமைத்தனர். அடுத்த ஆண்டில் கோலாலம்பூர் - கிள்ளான் பாதையும், 1891இல் சிரம்பான் - போர்ட்டிக்சன் பாதையும் தோன்றின. தெலுக் ஆன்சனிலிருந்து (இன்றைய தெலுக் இந்தான்) கிந்தா பள்ளத்தாக்கை நோக்கிய பாதை 1890களில் அமைந்தது. இவை யாவும் சுரங்கத்தையும் துறைமுகத்தையும் இணைத்த சிறு கோடுகள். ஒன்றிற்கும் மற்றொன்றிற்கும் தொடர்பில்லை. கோலாலம்பூரிலிருந்து தைப்பிங்கிற்கு ரயிலில் செல்ல விரும்பியவருக்கு அன்று வழியே இல்லை.

நிதியைத் திரட்டிய முறையும் மாநிலத்திற்கு மாநிலம் வேறுபட்டது. பேராக் தன் சொந்த வருவாயிலிருந்து செலவிட்டது. சிலாங்கூர் நீரிணைக் குடியேற்றங்களின் அரசிடம் கடன் பெற்றுத் தொடங்கியது. சுங்கை ஊஜோங்கிலோ ஒரு தனியார் நிறுவனம் அரசின் வட்டி உத்தரவாதத்துடன் பாதையை அமைத்தது. இம்மூன்றனுள் தனியார் வழி நிலைக்கவில்லை. 1908இல் அப்பாதையை அரசே விலைக்கு வாங்கியது. 1896இல் கூட்டரசு உருவான பின்னரே பாதைகளை ஒன்றாக இணைக்கும் திட்டம் வலுப்பெற்றது. 1903இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை தொடர்ச்சியான பாதை கிட்டியது. ஜொகூர் வழியிலான பாதை, கூட்டரசு வழங்கிய கடனைக் கொண்டு 1909இல் நிறைவுற்றது.

பெருமளவு கடன் வாங்காமல் நடப்பு வருவாயிலிருந்தே இருப்புப்பாதைகளை அமைத்ததைச் சுவெட்டன்ஹாம் பெருமையாகக் குறிப்பிட்டார். அப்பெருமையை அப்படியே ஏற்பதற்கில்லை. அந்த வருவாயின் பெரும்பகுதி ஈய ஏற்றுமதி வரியாகும். அந்த ஈயத்தைத் தோண்டியவர்கள் சீனத் தொழிலாளர்கள். தண்டவாளம் பதித்தும் செப்பனிட்டும் உழைத்தோருள் தமிழர்கள் மிகுதியாக இருந்தனர். யாழ்ப்பாணத் தமிழர் பலர் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் பணியாற்றினர். செந்தூலும் பிரிக்பீல்ட்ஸும் தமிழர் வாழ்விடங்களாக வளர்ந்தமைக்கு ரயில்வேயே முதற்காரணம். கணக்கேட்டின் வரவுப் பகுதியில் இவர்களது பங்கு தனியே எழுதப்படவில்லை.

சரக்கு உள்ள இடத்திற்கே ரயில் என்னும் இக்கொள்கை கிழக்குக் கரையை நெடுங்காலம் காக்க வைத்தது. கடனில் மூழ்கியிருந்த பகாங்கில் ஈயமும் ரப்பரும் மேற்கில் போலக் குவியவில்லை. கெமாஸ் - தும்பாட் பாதை 1931இல்தான் முழுமை பெற்றது. அதிலும் ஒரு பகுதியை ஜப்பானியர் பெயர்த்தெடுத்துச் சயாம் - பர்மா பாதைக்குக் கொண்டுசென்றனர். அமர்ஜித் கவுர் காலனியப் போக்குவரத்தைப் பற்றிய தம் நூலுக்குப் 'பாலமும் தடையும்' எனப் பொருள்படும் தலைப்பை இட்டது பொருத்தமே.

பயணிகளையே முதன்மையாகக் கருதிய வட்டாரச் சேவை, கிள்ளான் பள்ளத்தாக்கில் 1995இல் தொடங்கிய கம்யூட்டர் ஆகும். இதற்கு முன்பே, 1992இல் மலாயா இரயில்வே நிறுவனமயமாக்கப்பட்டு, பாதையும் நிலமும் தனி அரசு அமைப்பின் உடைமையாயின; வண்டிகளை இயக்குவது நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. பாதையின் பெருஞ்செலவைக் கட்டணத்தால் ஈட்டுவது அரிது என்பதை இவ்வேற்பாடு வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. காலனிய அரசும் முதற்செலவைக் கட்டணத்தில் இருந்து எடுக்கவில்லை, வரியிலிருந்தே எடுத்தது என்பது இங்கு நினைக்கத்தக்கது.

கிள்ளானுக்குச் செல்லும் கம்யூட்டர், 1886ஆம் ஆண்டுப் பாதையின் வழியையே பெரிதும் பின்பற்றுகிறது. போர்ட் வெல்ட், தெலுக் இந்தான் பாதைகளோ ஈயம் போனதும் வழக்கொழிந்து, தண்டவாளங்களும் அகற்றப்பட்டன. மாறாக, நீண்ட காலம் சரக்கு வண்டிகளுக்குப் பயன்பட்ட செந்தூல் - பத்துமலை கிளைப்பாதை, இரட்டைத் தடமாக்கப்பட்டு மின்மயமாகி 2010இல் கம்யூட்டருக்குத் திறக்கப்பட்டது. தைப்பூச நாள்களில் அதில் இடம் கிடைப்பது அரிது.