பாட்டும் அகராதியும் தந்த பப்ரிசியஸ் ஐயர்



ஆண்டுவிழா மலர் என்றால் முதல் ஆராதனை நடந்த இடம், ஊழியம் செய்த போதகர்கள், முன்நின்று உழைத்த குடும்பங்கள் என்று சபையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நம் வழக்கம். இந்தக் கட்டுரை அதற்கும் முந்திய ஒரு வரலாற்றைச் சொல்கிறது. நம்மில் சிலர் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள், சிலர் தஞ்சாவூர், சென்னைப் பக்கத்தவர்கள், சிலர் யாழ்ப்பாணத்தார். சொந்த ஊரில் ஒரே திருச்சபையில் கூடியவர்களும் அல்லர். ஆனாலும் பாட்டு எண்ணைச் சொன்னதும் ஒரே குரலாகப் பாடுகிறோம். பெரிய வெள்ளியன்று பால் கெர்ஹார்ட் எழுதிய ஜெர்மன் பாட்டை, அது ஜெர்மன் பாட்டு என்ற நினைவே இல்லாமல், தமிழில் பாடிக் கண்கலங்குகிறோம். ஜெர்மன் லுத்தரன் சபையின் பாட்டுகள் தமிழர் வாய்க்கு வந்த வழியில் பலர் உழைத்தார்கள். அவர்களில் முதன்மையான ஒருவர் யோகான் பிலிப் பப்ரிசியஸ்.

அவர் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகருக்கு அருகேயுள்ள கிளீபெர்க் என்ற ஊரில் 1711 ஜனவரி 22ஆம் நாள் பிறந்தார். முதலில் சட்டம் படித்தார். பின்பு மனம் மாறி ஹாலே நகரில் இறையியல் கற்றார். 1706இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த சீகன்பால்கு ஐயரை அனுப்பியது டென்மார்க் அரசர். அந்த ஊழியத்தைத் தாங்கி நடத்தியவர்கள் ஹாலே நகரத்தார். அதே வழியில் 1740இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்த பப்ரிசியஸ், 1742இன் இறுதியில் சென்னை ஊழியத்தைப் பொறுப்பேற்றார். அடுத்த நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சென்னையே அவர் ஊர். மணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் அவரைத் தாங்கியது இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கமான எஸ்.பி.சி.கே. ஆங்கிலிக்கர் பணம் கொடுக்க, லுத்தரன் போதகர் தமிழருக்கு ஊழியம் செய்தார். பல திருச்சபைகளிலிருந்து வந்து ஒரே கூரையின்கீழ் கூடும் நமக்கு இது புதிய ஏற்பாடாகத் தோன்றலாம். இருநூற்று எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நடந்ததுதான் இது.

அவர் காலத்துச் சென்னை அமைதியான ஊர் அல்ல. 1746இல் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்தது. மிஷன் கட்டடங்கள் அழிந்தன. பப்ரிசியஸ் ஐயர் தம் மக்களோடு டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டில் அடைக்கலம் புகுந்தார். ஆங்கிலேயர் ஆட்சி திரும்பியபின் வேப்பேரியில் ஊழியம் மறுபடி தொடங்கியது. 1758இன் இறுதியில் லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டபோது வேப்பேரியும் கொள்ளை போனது. மறுபடியும் பழவேற்காடு. போர் என்றால் என்ன, எதை எடுத்துக்கொண்டு ஓடுவது, எதை விட்டுவிட்டு ஓடுவது என்பதை நம் சபையில் பலர் சொந்த வாழ்க்கையிலேயே அறிவீர்கள். இரண்டு முறை அப்படி ஓடியவர்தான், ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து அதே தமிழ் வேலையைத் தொடர்ந்தார்.

அந்த வேலையின் தன்மையை நாம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மன் பாட்டு ஒன்றைத் தமிழாக்குவது அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் மாற்றும் காரியம் அல்ல. ஜெர்மனில் வரியின் முடிவில் இயைபு வரும். தமிழ்க் காது வரியின் தொடக்கத்தில் எதுகையைத் தேடும். ஜெர்மனில் ஒரே அசையில் முடியும் சொல், தமிழில் வேற்றுமை உருபும் சேர்ந்து நான்கைந்து எழுத்துக்கு நீளும். ராகமோ ஏற்கெனவே கட்டப்பட்டது. அதன் அளவை மாற்ற முடியாது. அந்தச் சிறிய சட்டத்துக்குள் பொருளும் குன்றாமல், தமிழும் குன்றாமல் வார்த்தையை அடக்க வேண்டும். சீகன்பால்கு காலம் முதலே தமிழில் பாடப்பட்டு வந்த பாட்டுகளோடு, பப்ரிசியஸ் ஐயர் புதிதாக ஏராளமான பாட்டுகளை மொழிபெயர்த்துச் சேர்த்தார். லுத்தரன் சபையார் ஞானப்பாட்டு என்று வழங்கும் பாடல்களின் அடித்தளத்தில் அவர் உழைப்பு இருக்கிறது.

வேதாகம மொழிபெயர்ப்பிலும் அவர் கையாண்ட முறை இதுவே. தமக்கு முன்னிருந்தோர் செய்ததை வைத்துக்கொண்டு வரிவரியாகத் திருத்தினார். எழுதியதைத் தமிழ் அறிந்தவர்களிடம் காட்டினார். சாதாரண மக்களுக்கும் வாசித்துக் காட்டி, அவர்கள் காதில் எப்படி விழுகிறது என்று கேட்டார். மறுபடி திருத்தினார். அவருடைய புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. பழைய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சேறியது. கடவுளைக் குறிக்க அவர் எடுத்தாண்ட சொல் பராபரன். பிற்கால மொழிபெயர்ப்பில் அந்த இடத்தைத் தேவன் என்ற சொல் பிடித்துக்கொண்டது. ஆனாலும் பழைய பாட்டுகளில் பராபரன் இன்னும் ஒலிக்கிறார். அந்தச் சொல் வரும்போது அது எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

1761இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சு இயந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தார்கள். இயந்திரம் இருந்தது, நடத்தத் தெரிந்தவர் இல்லை. அரசாங்க அச்சு வேலையைச் செய்து தரவேண்டும் என்ற நிபந்தனையோடு அது பப்ரிசியஸ் ஐயரிடம் வந்தது. அதுவே வேப்பேரி அச்சகம். பின்னாளில் எஸ்.பி.சி.கே. அச்சகம் என்றும், டயோசிசன் அச்சகம் என்றும் பெயர் பெற்றுத் தலைமுறைகளாகத் தமிழ்ப் புத்தகங்களை அச்சிட்டது. அங்கேதான் 1779இல் அவரும் உடன் ஊழியர் பிரைட்ஹாப்ட் ஐயரும் சேர்ந்து செய்த தமிழ்-ஆங்கில அகராதி வெளிவந்தது. ஐரோப்பியர் அன்று தமிழை மலபார் மொழி என்று அழைத்ததால், அகராதியின் தலைப்பிலும் மலபார் என்றே இருக்கும். 1786இல் ஆங்கில-தமிழ் அகராதி வந்தது. ஆங்கிலம் வழியாகத் தமிழ் கற்போருக்கு ஓர் இலக்கண நூலையும் அவர் எழுதினார். அந்த அகராதியை அடிப்படையாகக் கொண்டு 1897இல் தரங்கம்பாடியில் விரிவான பதிப்பு ஒன்று உருவானது. அதன் பிந்திய பதிப்பைச் சிக்காகோ பல்கலைக்கழகம் இன்று இணையத்தில் வைத்திருக்கிறது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

இத்தனை சிறப்போடு அவர் வாழ்க்கையின் வேதனையான பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மிஷனுக்குரிய பணமும், நம்பிக்கையோடு மற்றவர்கள் ஒப்படைத்த பணமும் அவர் கையில் இருந்தது. வட்டி கிடைத்தால் ஊழியத்துக்கு உதவும் என்று அதைக் கடனாகக் கொடுத்தார். ஆற்காட்டு நவாபின் கடன்களால் சென்னையே தள்ளாடிய காலம் அது. பின்பு ஹைதர் அலியின் போரும் வந்தது. கொடுத்த பணம் திரும்பவில்லை. பணம் கொடுத்தவர்கள் வழக்குத் தொடர, முதிர்ந்த வயதில் அந்த ஊழியர் கடனுக்காகச் சிறை சென்றார், அதுவும் ஒரு முறைக்கு மேல். 1788இல் கெரிக்கே ஐயர் வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டார். 1791 ஜனவரி 23ஆம் நாள், எண்பது வயது நிறைந்த மறுநாள், பப்ரிசியஸ் ஐயர் சென்னையில் காலமானார்.

அவரைப் பரிசுத்தவான் என்று தூக்கி வைக்கவும் வேண்டாம், ஏமாந்தவர் என்று தள்ளிவிடவும் வேண்டாம். பணத்தை நம்பி ஒப்படைத்தவர்களுக்கு நேர்ந்த நட்டம் உண்மையானது. சபைக் கணக்கைப் பலர் கண்முன் வைத்து நடத்த வேண்டும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி. ஆனால் பணத்தில் அவர் காட்டாத எச்சரிக்கையைச் சொல்லில் காட்டினார். தம் தமிழைத் தாமே மெச்சிக்கொள்ளாமல், தமிழரிடம் கேட்டுக் கேட்டுத் திருத்தினார். அதனால்தான் அது நின்றது.

அது எப்படி நின்றது என்பதற்கு ஒரு சான்று. 1820களில் தஞ்சாவூரில் புதிதாக வந்த மிஷனெரிமார் பழைய மொழிபெயர்ப்பை மாற்றவும், ஆராதனையில் தமிழ் இசையைக் குறைக்கவும் முனைந்தபோது எதிர்த்து நின்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். 1774இல் பாளையங்கோட்டையில் பிறந்து, சுவார்ட்ஸ் ஐயரிடம் வளர்ந்த கவிஞர். நாம் பாடும் கீர்த்தனைகளில் பல அவர் பாடியவை. அதே சர்ச்சையில் சாதி வேறுபாட்டைச் சபைக்குள் காக்கவும் அவர் வாதாடினார். அதை நாம் ஏற்க முடியாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜெர்மானியர் செய்த மொழிபெயர்ப்பை, எங்கள் வேதம், இதைத் தொடாதீர்கள் என்று காத்து நின்றவர் ஒரு தமிழ்க் கவிஞர். அறுபது ஆண்டுக்குள் அந்தச் சொற்கள் முழுக்கத் தமிழருடையவை ஆகிவிட்டன. பின்பு 1850இல் பெர்சிவல் ஐயர், ஆறுமுக நாவலர் துணையோடு யாழ்ப்பாணத்தில் செய்த மொழிபெயர்ப்பு வந்தது. அதன்பின் பவர் ஐயர் தலைமையில் கூடிய குழு பப்ரிசியஸ் மொழிபெயர்ப்பை அடிப்படையாக வைத்துத் திருத்தி, 1871இல் வெளியிட்ட வேதாகமமே நம் வீடுகளில் இருக்கும் பழைய திருப்புதல். நாம் மனப்பாடமாகச் சொல்லும் பல வசனங்களுக்குள் பப்ரிசியஸ் ஐயரின் தமிழ் இன்னும் இருக்கிறது.

இந்த வரலாற்றுக்கு நாம் குடியேறிய நாட்டிலும் ஓர் உடன்பிறப்பு உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் 1836இல் ஒரு லுத்தரன் மிஷன் சங்கம் தோன்றியது. அது 1838இல் டைக்கெல்மான், ஷூர்மான் என்ற இருவரை அடிலெய்டுக்கு அனுப்பியது. அதே சங்கம் 1840இல் கோர்டெஸ் ஐயரைத் தரங்கம்பாடிக்கு அனுப்பியது. பின்னாளில் லைப்சிக் மிஷன் என்று நம் முன்னோர் அறிந்தது இந்தச் சங்கம்தான். அடிலெய்டு சென்ற இருவரும் அங்குள்ள கவுர்னா மக்களின் மொழியைக் கற்று, அந்த மொழியிலேயே பள்ளி நடத்தி, 1840இல் இலக்கணமும் சொற்பட்டியலும் அச்சிட்டார்கள். 1845இல் அரசு அந்தப் பள்ளியை மூடி, ஆங்கிலப் பள்ளிக்குப் பிள்ளைகளை மாற்றியது. கவுர்னா மொழி அன்றாடப் பேச்சிலிருந்து மறைந்தது. ஆனால் அந்தச் சிறு புத்தகத்தை வைத்துக்கொண்டு, நூற்றைம்பது ஆண்டு கழித்து, கவுர்னா மக்கள் தங்கள் மொழியை மீட்டுக் கற்று வருகிறார்கள். மத்திய ஆஸ்திரேலியாவின் ஹெர்மான்ஸ்பர்க்கில் லுத்தரன் மிஷனெரிமார் ஜெர்மன் பாட்டுகளை அரண்டா மொழியில் தந்தார்கள். அங்குள்ள ஆதிக்குடிப் பெண்கள் அவற்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துப் பாடி, 2015இல் ஜெர்மனிக்கே சென்று தங்கள் மொழியில் பாடிக் காட்டினார்கள். தந்தவர்கள் போய்விட்டார்கள். பாடினவர்கள் விடாததால் பாட்டு பிழைத்தது.

இனி நம் காரியத்துக்கு வருவோம். மெல்பர்னிலும் சிட்னியிலும் பிறந்து வளரும் நம் பிள்ளைகளில் பலர் தமிழ் பேசினால் புரிந்துகொள்கிறார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பவர்கள் சிலரே. பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால் ராகத்தோடு அழகாகப் பாடிவிடுகிறார்கள். என்ன பாடினோம் என்று கேட்டால் விழிக்கிறார்கள். இது அவர்கள் குற்றம் அல்ல. அவர்களைத் திட்டுவதால் ஒரு சொல்லும் விளங்கப் போவதில்லை. ஆங்கிலம் தெரிந்து தமிழ் தெரியாத ஒருவர் தமிழ் கற்பதற்கென்றே பப்ரிசியஸ் ஐயர் அகராதியும் இலக்கணமும் செய்தார். அன்று அவர் மனதில் இருந்தவர்கள் கடல் கடந்து வந்த ஐரோப்பியர். இன்று அந்த இடத்தில் நம் சொந்தப் பேரப்பிள்ளைகள் நிற்கிறார்கள்.

ஆகையால் இந்த ஆண்டுவிழாவை ஒட்டி ஒரு சிறு வேலையைத் தொடங்கலாம். மாதம் ஒரு பழைய பாட்டை எடுத்துக்கொள்வோம். ஓய்வுநாள் பள்ளியில் அதன் கடினமான சொற்கள் ஐந்தைப் பிள்ளைகளே இணைய அகராதியில் தேடட்டும். பராபரன் என்றால் யார், கிருபை என்றால் என்ன என்று அவர்கள் வாயால் ஆங்கிலத்திலேயே சொல்லட்டும், பரவாயில்லை. அந்தப் பாட்டைத் தாம் எந்த ஊரில், எந்த நாளில் பாடக் கற்றோம் என்று நம் மூத்தவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லட்டும். பாட்டின் ராகம் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். அவற்றைக் கைப்பேசியில் பதிந்து வைப்போம். பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் பொறுமையாக வேறு சொல்லால் சொல்வோம்.

எழுதியதை வாசித்துக் காட்டி, விளங்குகிறதா என்று கேட்டு, விளங்காவிட்டால் திருத்துவது. வேப்பேரியில் பப்ரிசியஸ் ஐயர் பல ஆண்டுகள் செய்தது இதுதான். அந்நியர் ஒருவர் நம் மொழிக்காக அவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தார். நம் பிள்ளைகளுக்காக நாம் மாதம் ஒரு மணி நேரம் உட்காரலாம். கர்த்தர் நம் சபையையும் அதன் பாட்டையும் ஆசீர்வதிப்பாராக.