பறையாட்டத்தில் பெண்கள்: திண்டுக்கல் சக்தி கலைக்குழுவை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

சிறுமலை அடிவாரத்துத் திண்டுக்கல்லில், 1990-களின் தொடக்கத்தில், அருட்சகோதரி சந்திராவின் முயற்சியால் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் உருவானது. பள்ளிப்படிப்பு இடையில் நின்றுபோன தலித் இளம்பெண்களுக்கு அங்கே தொழிற்பயிற்சியோடு பறையாட்டமும் கற்றுத்தரப்பட்டது. அதுவரை ஆண்கள் கையிலிருந்த கருவியைப் பெண்கள் தோளில் மாட்டினார்கள். இம்மாற்றத்துக்குச் சமூக இயக்கம் காரணம் என்பது தெளிவு. பறையாட்டத்தின் அமைப்பும் அதற்கு ஈடான காரணம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பழமையும் இழிவும்

தொல்காப்பியம் பறையை ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களுள் ஒன்றாகச் சொல்கிறது. உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தொண்டகப்பறை, முல்லைக்கு ஏறுகோட்பறை என வகைப்படுத்துகிறார்கள். புறநானூற்றின் 335-ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளைப் பெருமையோடு குறிக்கிறது.

பிற்காலத்தில் சாவு வீட்டில் அடிப்பதும் ஊருக்குச் செய்தி சாற்றுவதும் குறிப்பிட்ட சாதியினர்மீது சுமத்தப்பட்ட கட்டாயப் பணிகளாயின. கலைஞரின் திறமை கண்ணில் படாமல் அவருடைய பிறப்பே முன்னிறுத்தப்பட்டது.

மறுப்பும் மீட்பும்

இந்த இழிவுக்கு எதிராக இரண்டு வழிகள் எழுந்தன. பல ஊர்களில் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். மற்றொரு சாரார், விட வேண்டியது அடிமை வேலையைத்தான், பறையை அல்ல என்றார்கள். அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி 1990-களில் வலுப்பெற்ற தலித் எழுச்சி இரண்டாம் வழிக்கு மேடை அமைத்தது. மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு நாட்டுப்புற இசையை விடுதலையின் மொழியாகக் கற்பித்தார். சக்தி குழுவும் இந்தச் சூழலில்தான் வளர்ந்தது.

ஆட்டமும் அடியும்

திண்டுக்கல், மதுரை வட்டாரத்தில் பெண்கள் ஆடும் கலைக்குக் குறைவில்லை. ஆனால் கரகாட்டத்தில் பெண் ஆட, நையாண்டி மேளத்தில் நாதசுரம், தவில், பம்பை வாசிப்போர் பெரும்பாலும் ஆண்களே. ஆட்டம் ஒருவருக்கும் இசை வேறொருவருக்கும் என்று பிரிந்திருப்பதால், பெண் ஆடவந்தாலும் தாளத்தின் கடிவாளம் அவள் கைக்கு வருவதில்லை.

பறையாட்டத்தில் இந்தப் பிரிவினைக்கு இடமில்லை. மூன்று மரத்துண்டுகளை இணைத்த சட்டத்தில் தோலை ஒட்டி, ஆடும் முன் நெருப்பில் காய்ச்சி விறைப்பேற்றுகிறார்கள். நீண்ட மூங்கில் சிண்டுக்குச்சி ஒரு கையில், கட்டையான அடிக்குச்சி மறு கையில். சாமிச்சாட்டு அடி, ஒத்தையடி, மருள் அடி, மாரடிப்பு அடி என ஒவ்வொன்றுக்கும் கால் அடவு உண்டு. ஆடுபவரே வாசிப்பவர், அடி மாறும்போது வரிசை முழுவதும் ஒன்றாகத் திரும்ப வேண்டும். ஆகவே பறையாட்டம் கற்ற பெண், கருவியைக் கையாளவும் காய்ச்சவும் சக கலைஞரின் அடியைக் கேட்டு இணையவும் சேர்த்தே கற்கிறாள்.

சக்தி குழுவினர் கும்மி, கோலாட்டம் போன்றவற்றோடு, ஆண்களுக்குரியதாயிருந்த ஒயிலாட்டத்தையும் ஆடுகிறார்கள். என்றாலும் அவர்களின் அடையாளம் பறையே. அமெரிக்க இசையியலாளர் ஸோயி ஷெரினியன் இக்குழுவைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படம் எடுத்திருக்கிறார்.

முடிவுரை

2025-இல் பறையிசைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கருவிக்கு அரசின் மதிப்பு கிடைத்துவிட்டது; அதை வாசிக்கும் உரிமை யாருக்கெல்லாம் என்ற கேள்வி மிஞ்சியிருக்கிறது. சக்தி குழுவின் வரலாறு அதற்கு ஒரு விடை தருகிறது: சாதி சுமத்திய இழிவைக் கருவியிலிருந்து உரித்தெடுத்தவர்கள், அதே கருவியால் பால் வேலியையும் தாண்டினார்கள். எனவே நாட்டுப்புற ஆட்டங்களை ஆவணப்படுத்துவோர் யார் ஆடினார்கள் என்று மட்டும் பதிவது போதாது. யார் வாசித்தார்கள், யார் யாருக்குக் கற்றுத்தந்தார்கள் என்பதையும் பதிய வேண்டும். பயிற்சி தரும் மையங்களும் பெண்களுக்கு அடவோடு கருவியையும் சேர்த்தே தர வேண்டும்.