ஆர்க்கிட் பூக்களும் எத்திலீன் தடுப்பிகளும்: சிங்கப்பூர்

எத்திலீன் தடுப்பி: செடிகொடிகள் தாமே வெளியிடும் எத்திலீன் என்னும் வாயு உருவாவதையோ, உருவானபின் வேலை செய்வதையோ நிறுத்தும் பொருள். கொய்த மலர்களும் அழகுக்கு வளர்க்கும் தொட்டிச் செடிகளும் விரைவில் வாடாமலும் மொட்டு உதிர்க்காமலும் இருக்க இது பயன்படுகிறது. சிங்கப்பூரில் இதன் வரலாறு ஆர்க்கிட் மலரோடு பின்னிக் கிடக்கிறது. அந்நாட்டின் தேசிய மலரும், தீவின் மேற்கே ஜூரோங்கில் இருந்த ஒரு பல்கலைக்கழகமும் அந்த வரலாற்றில் இடம்பெறுகின்றன.

வாயுவும் பூவும்

வாழைத்தாரை அடுக்கிப் புகைமூட்டம் போட்டுப் பழுக்க வைப்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். புகையில் கலந்துள்ள எத்திலீன்தான் காயைக் கனியச் செய்கிறது. காய்க்கு உதவும் அதே வாயு பூவுக்குப் பகை. அது பட்டால் கார்னேஷன் இதழ்கள் சுருண்டு மூடிக்கொள்ளும், ஆர்க்கிட்டின் நிறம் வெளுக்கும், தொட்டிச் செடி மொட்டுகளை உதிர்த்துவிடும். பழுத்த வாழைப்பழத்தையும் மாம்பழத்தையும் பூப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதும் வண்டிப்புகை படாமல் பூவைக் காக்க வேண்டும் என்பதும் இதனால்தான். ஆனால் எல்லாப் பூக்களும் ஒன்றுபோல் இல்லை. சாமந்தி பெரும்பாலும் இந்த வாயுவைப் பொருட்படுத்துவதில்லை. ஆர்க்கிட்டுகள் பலவும் மிகச் சிறிய அளவுக்கே வாடிவிடும்.

தொடக்கம்

பட்டாணி நாற்றுகள் கோணலாக வளர்வதற்கு விளக்கு எரிக்கும் வாயுவில் உள்ள எத்திலீனே காரணம் என்று ரஷ்யாவின் திமித்ரி நெல்யுபோவ் 1901இல் அறிவித்தார். 1908இல் சிகாகோவில் கிராக்கரும் நைட்டும் கார்னேஷன் பூக்களைக் கொண்டு ஆய்ந்தனர். காற்றில் 20 லட்சத்தில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தாலே, மலர்ந்த பூ 12 மணி நேரத்தில் மூடிக்கொண்டது. 1949இல் டேவிட்சன், கேட்லியா ஆர்க்கிட்டின் புல்லியிதழ் காய்ந்துபோகும் நோய்க்கும் இவ்வாயுவே காரணம் என்று காட்டினார். அதற்குப் போதுமான அளவு 100 கோடியில் 2 பங்குதான்.

தென்கிழக்காசியாவில் இத்துறையின் முதல் பெரும் பணி ஜாவாவில் நடந்தது. ஜெர்மானியத் தாவரவியலாளர் ஹான்ஸ் ஃபிட்டிங், இன்று போகோர் எனப்படும் பாய்டன்சோர்க்கில் ஆர்க்கிட் பூக்களை ஆய்ந்து 1909, 1910 ஆண்டுகளில் முடிவுகளை வெளியிட்டார். மகரந்தத்தில் உள்ள ஏதோ ஒரு பொருள் பூவை வாடச் செய்கிறது என்பது அவர் கண்டது. உயிரற்ற மகரந்தத்தை வைத்தாலும் பூ வாடியது.

மிஸ் ஜோக்கிம்

தஞ்சோங் பகாரில் வாழ்ந்த ஆர்மீனியப் பெண் ஆக்னஸ் ஜோக்கிமின் தோட்டத்தில் மலர்ந்த புதிய ஆர்க்கிட்டை, சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் ஹென்றி ரிட்லி 1893இல் விவரித்து வாண்டா மிஸ் ஜோக்கிம் என்று பெயரிட்டார். வாண்டா டெரஸ், வாண்டா ஹூக்கெரியானா ஆகிய இரண்டும் கலந்து பிறந்தது அது. ஆக்னஸ் திட்டமிட்டு மகரந்தம் சேர்த்தாரா, தானாகத் தோன்றியதைக் கண்டெடுத்தாரா என்பது நெடுங்காலம் வாதிக்கப்பட்டது. அவரே உருவாக்கினார் என்ற கருத்து பிற்காலத்தில் வலுப்பெற்றது. 1981 ஏப்ரல் 15 அன்று இப்பூ தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. இன்று தாவரவியலார் இதைப் பாப்பிலியோனாந்தே என்னும் பேரினத்தில் சேர்த்திருக்கின்றனர்.

பூவாடும் அறிவியலில் இம்மலருக்குத் தனி இடம் உண்டு. ஹவாய் தீவுகளில் பூமாலைக்கும் ஏற்றுமதிக்கும் பெருமளவில் வளர்க்கப்பட்ட வாண்டா பெரும்பாலும் மிஸ் ஜோக்கிம்தான். பெட்டியில் அனுப்பும்போது அது வெளுத்துப்போவது அங்கே பெரும் இடராக இருந்தது. 1951இல் எர்னஸ்ட் அகமீனேயும் சகாமோட்டோவும் புரோமின் ஏற்றிய கரியைப் பெட்டிக்குள் வைத்து வெளுப்பைத் தாமதப்படுத்த முயன்றனர். அந்தக் கரி காற்றிலிருந்து எத்திலீனைப் பிடித்துக்கொள்ளும். வாடும் வாண்டா பூவே எத்திலீனை வெளியிடுகிறது என்பதை அகமீனே 1963இல் வெளியிட்டார். 1967இல் பர்க், டைக்மன் இருவரும் அடுத்த படியைக் காட்டினர். மகரந்தத்திலிருந்து வரும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி சூல்முடியைத் தூண்டி எத்திலீனை உண்டாக்குகிறது. அந்த எத்திலீன் மேலும் எத்திலீனைப் பிறப்பிக்க, பூ முழுதும் வாடுகிறது. ஃபிட்டிங் தேடிய பொருளுக்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின் இவ்வாறு விளக்கம் கிடைத்தது.

பூவின் நடுவே உள்ள தூணின் உச்சியில், மகரந்தத் திரள்களை மூடிய சிறு தொப்பி ஒன்று இருக்கும். சிம்பிடியம் ஆர்க்கிட்டில் அந்தத் தொப்பி கழன்றாலே போதும், உதட்டிதழ் சிவந்து பூ முதுமை அடைகிறது. வண்டு வந்ததென்று பூ நம்பிவிடுகிறது. கட்டும்போதும் பெட்டியில் அடுக்கும்போதும் கையில் மென்மை வேண்டும் என்பதன் அடிப்படை இதுவே.

ஜூரோங்

1960களின் தொடக்கத்தில் தொழிற்பேட்டையாக மாறுவதற்கு முன் ஜூரோங் ரப்பர்த் தோட்டமும் இறால் குளங்களும் சதுப்பும் நிறைந்த நிலம். ஹொக்கியன் சங்கம் அளித்த 523 ஏக்கர் நிலத்தில், டான் லார்க் சை முன்னின்று நிறுவிய நன்யாங் பல்கலைக்கழகம் 1956இல் வகுப்புகளைத் தொடங்கியது. 1970களில் அதன் உயிரியல் துறையில் ஹியூ சோய் சின்னும் உடன் பணியாற்றியோரும் வெப்பமண்டல ஆர்க்கிட்டின் ஒளிச்சேர்க்கையையும் பூக்களின் சுவாசத்தையும் ஆய்ந்தனர். சிங்கப்பூரின் ஆர்க்கிட் ஏற்றுமதி வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1980இல் நன்யாங், சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைந்து சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமானது. ஜூரோங் வளாகத்தில் இன்று நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது.

தேசியப் பல்கலைக்கழகத்தில் கோ சோங் ஜின், வெளிநாட்டு அறிஞர்களோடு சேர்ந்து கொய்த ஆர்க்கிட்டுகளின் எத்திலீன் வெளியீட்டை அளந்து 1985இல் வெளியிட்டார். வகைக்கு வகை வேறுபாடு பெரிது என்பது அதில் தெரிந்தது. ஹியூவும் ஜீன் யோங்கும் எழுதிய வெப்பமண்டல ஆர்க்கிட் உடலியல் நூல் 1997இல் வெளிவந்தது.

தடுப்பிகள்

1976இல் பேயர், வெள்ளி அயனி எத்திலீனின் வேலையைத் தடுக்கிறது என்று காட்டினார். வெள்ளி நைட்ரேட் தண்டில் எளிதில் ஏறாது. 1978இல் நெதர்லாந்தின் வீன், வான் டி கெய்ன் இருவரும் அதைத் தயோசல்ஃபேட்டோடு சேர்த்தபோது தண்டின் வழியே பூவை அடைந்தது. கார்னேஷனின் ஆயுள் வெகுவாக நீண்டது. 1979இல் ஆடம்ஸும் யாங் ஷாங் ஃபாவும் எத்திலீனுக்கு முந்தைய பொருளான ஏ.சி.சி.யைக் கண்டறிந்தனர். அது உருவாவதைத் தடுக்கும் அமினோஆக்சி அசிட்டிக் அமிலம் போன்றவையும் பயனுக்கு வந்தன. ஆனால் வெளியிலிருந்து வரும் எத்திலீனை அவை தடுக்கமாட்டா.

வெள்ளி கனஉலோகம் என்பதால் கழிவுநீர் பற்றிய கவலை எழுந்தது. வட கரோலினாவின் எட்வர்ட் சிஸ்லர், சில்வியா பிளாங்கன்ஷிப் இருவரும் கண்டுபிடித்த 1-மெத்தில்சைக்ளோபுரொப்பீன் மாற்றாக வந்தது. 1994இல் செரெக், சிஸ்லர், ரீட் மூவரும் தொட்டியில் வளர்த்த பெகோனியா, கலாஞ்சோ, ரோஜா ஆகியவற்றில் அது பூ உதிர்வைத் தடுப்பதைக் காட்டினர். 1996இல் காப்புரிமையும், 1999இல் அலங்காரச் செடிகளுக்கு அமெரிக்க அனுமதியும் கிடைத்தன. மூடிய அறையில் அதன் தூளை நீரில் கரைத்தால் வாயு வெளிவரும். அது எத்திலீன் அமரவேண்டிய ஏற்பியில் முன்கூட்டியே அமர்ந்துகொள்ளும். செடி புது ஏற்பிகளை உண்டாக்கும்போது பாதுகாப்பு குறைகிறது.

கருத்து வேறுபாடுகள்

மகரந்தம் பட்ட செய்தி இதழ்களுக்கு எப்படிப் போகிறது என்பதில் உடன்பாடு இல்லை. ஃபலெனாப்சிஸ் ஆர்க்கிட்டில் ஏ.சி.சி. நகர்கிறது என்று ஓநீல் குழுவினர் 1993இல் கருதினர். சிம்பிடியத்தில் எத்திலீனே நகர்கிறது என்பது வோல்ட்டரிங்கின் முடிவு. இனத்துக்கு இனம் வழி வேறாக இருக்கவும் கூடும். எல்லா வாடலுக்கும் எத்திலீன் காரணம் என்று சொல்லவும் இயலாது. மாவுச்சத்துத் தீர்வதும் நீர் ஏறாததும் வாட்டத்துக்குக் காரணமாகலாம்.

அண்மைக் காலம்

2007இல் தாய்லாந்து ஆய்வாளர்கள், டெண்ட்ரோபியம் ஆர்க்கிட்டுக்கு 1-மெத்தில்சைக்ளோபுரொப்பீனை முன்கூட்டியே அளித்தால் மொட்டும் பூவும் உதிர்வது தடைப்படுவதை வெளியிட்டனர். சிங்கப்பூரில் தேக்காவின் சிராங்கூன் சாலைப் பூக்கடைகளில் மாலையில் கோக்கப்படும் ஆர்க்கிட்டும் பெரும்பாலும் டெண்ட்ரோபியமே. குளிர்ச்சி எத்திலீனைக் குறைத்தாலும், இவ்வகைப் பூ மிகுந்த குளிரைத் தாங்காது. கடைசியில் அதன் ஆயுள், பழத்துக்கும் புகைக்கும் எட்டாமல் வைப்பதிலும், தொப்பி கழலாமல் தொடுக்கும் விரல்களிலும் அடங்கியிருக்கிறது.