குடிநீர் உரிமையின் வரலாறும் நம் கடமையும்

கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் குளத்தையும் கிணற்றையும் பற்றிக் கட்டுரை எழுதுவானேன் என்று நம் இளைஞருள் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் பள்ளிக்கூட வாயிலில் தடுக்கப்பட்டவர்களும், ஊர்க் கிணற்று மேடையில் ஏறலாகாதென விலக்கப்பட்டவர்களும் ஒரே மக்களே என்பதை நாம் மறந்துவிடலாகாது. எழுத்தை மறுத்த கைதான் தண்ணீரையும் மறுத்தது. ஆகவே கல்வியின் வரலாற்றை எழுதப் புகுவோர் தண்ணீரின் வரலாற்றையும் சேர்த்தே எழுதவேண்டும்.

நம் வீட்டு மூத்தோரைக் கேட்டால் அவ்வரலாற்றின் ஒரு பகுதி கிடைக்கும். கிணற்றுக்குச் சற்றுத் தொலைவில் குடத்தை வைத்துவிட்டு, யாரேனும் மனமிரங்கி இறைத்து ஊற்றமாட்டாரா என்று வெயிலில் காத்து நின்ற தாய்மாரின் கதை அது. கிணறு பொதுப்பணத்தில் வெட்டப்பட்டிருக்கலாம். வெட்டியவர்கள் நம்மவர்களாகவே இருந்திருக்கலாம். வெட்டும்போது படாத தீட்டு, நீர் ஊறியபின் எங்கிருந்தோ வந்து சேர்ந்தது!

அண்ணல் அம்பேத்கர் அவர்களும் இக்கொடுமைக்கு விலக்கல்லர். சாத்தாராவில் பயின்ற சிறுவயதில் அவர் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற சாக்கின்மீது தனியே அமர்ந்தார். பள்ளியின் தண்ணீர்க் குழாயைத் தம் கையால் திறக்க அவருக்கு உரிமையில்லை. பணியாள் வந்து திறந்தால் நீருண்டு. அவன் வராத நாளில் தாகத்தோடு இருக்கவேண்டியதுதான். பின்னாளில் உலகின் பெரும் பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்ற அம்மேதை, அந்தக் குழாயை ஒருநாளும் மறக்கவில்லை.

மகாட் நகரின் சவதார் குளம்

சட்டமன்றங்களில் நம் குரல் ஒலிக்கத் தொடங்கியது 1920களில் ஆகும். பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எஸ். கே. போலே அவர்கள் கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் கட்டப்பட்டுப் பேணப்படும் நீர்நிலைகள், கிணறுகள், சத்திரங்கள், பள்ளிகள், மருத்துவ நிலையங்கள் யாவற்றையும் தீண்டாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்றது. சென்னைச் சட்டமன்றத்தில் எம். சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், ஆர். வீரையன் போன்றோர் நம் மக்களுக்காக வாதாடினர். 1924ஆம் ஆண்டில் பொதுச் சாலைகளும் கிணறுகளும் குளங்களும் எல்லாச் சாதியாருக்கும் உரியன என்று சென்னை அரசும் ஆணையிட்டது. ஆணைகள் பிறந்தன; ஆனால் குடங்கள் நிறையவில்லை.

கொலாபா மாவட்டத்து (இன்றைய ராய்கட் மாவட்டத்து) மகாட் நகராட்சி, போலே தீர்மானத்தை ஏற்று 1924இல் சவதார் குளத்தை அனைவருக்கும் திறந்துவிட்டதாக அறிவித்தது. ‘சவதார்’ என்னும் மராத்திச் சொல்லுக்குச் சுவையானது என்பது பொருள். அச்சுவையை மூன்றாண்டுக் காலம் நம் மக்கள் அறியவே இயலவில்லை. தாளில் இருந்த உரிமையைக் கரைக்குக் கொண்டுவர ஓர் இயக்கம் தேவைப்பட்டது.

1927ஆம் ஆண்டு மார்ச்சு 19, 20 ஆகிய நாட்களில் அந்நகரில் மாநாடு கூடியது. அதற்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவர் ஆர். பி. மோரே என்னும் உள்ளூர் இளைஞர். பள்ளியில் இடம் மறுக்கப்பட்டுப் போராடிச் சேர்ந்த அவருக்கு அப்போது வயது இருபத்து நான்கே. இதை நம் மாணவர்கள் சிறப்பாகக் குறித்துக்கொள்ள வேண்டும். சாதி இந்துக்களிலும் நல்லோர் சிலர் துணைநின்றனர். நகராட்சித் தலைவராயிருந்த சுரேந்திரநாத் திப்னிஸ், அனந்தராவ் சித்ரே ஆகியோரின் பெயர்களை நன்றியோடு நினைவுகூர்தல் நம் கடன்.

மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் முன்னே செல்ல, மக்கள் வரிசையாகக் குளத்துக்கு நடந்தனர். அவர் குனிந்து கையால் நீரை அள்ளிப் பருகினார், மக்களும் பருகினர். சிறிது நேரத்தில், இவர்கள் வீரேசுவரர் கோயிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று வதந்தி பரப்பப்பட்டது. தடியேந்திய கூட்டம் மாநாட்டுக்கு வந்தவர்களைத் தாக்கிப் பலரைக் காயப்படுத்தியது. திருப்பித் தாக்கும் வலிமை நம்மவரிடம் இல்லாமலில்லை. படையில் பணியாற்றித் திரும்பிய வீரர்கள் பலர் அங்கிருந்தனர். அண்ணல் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். பின்னர்ச் சாதி இந்துக்கள் பஞ்சகவ்வியம் கலந்த 108 குடங்களைக் கொண்டு குளத்திற்குத் ‘தூய்மை’ செய்தனர். மாடு குடித்த நீர் தூய்மை கெடவில்லை. மனிதன் குடித்த நீர் கெட்டுவிட்டதாம்!

அதே ஆண்டு ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றது. டிசம்பரில் மீண்டும் மாநாடு கூட இருந்த வேளையில், எதிர்த்தரப்பார் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றனர். அண்ணல் தடையை மதித்துக் குளத்திற்குச் செல்வதை நிறுத்திவைத்தார். ஆனால் டிசம்பர் 25ஆம் நாள், இழிவுக்கு விதி வகுத்த மனுஸ்மிருதி தீக்கிரையாக்கப்பட்டது. தாகம் தணிப்பதன்று, மனிதர் யாவரும் சமம் என்னும் நெறியை நிலைநாட்டுவதே அப்போராட்டத்தின் நோக்கம் என்று அம்மாநாட்டில் அவர் தெளிவுபடுத்தினார்.

வழக்கு நீண்டது. தீண்டாதாரை விலக்குவது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்பது எதிர்த்தரப்பாரின் வாதம். அத்தகைய வழக்கம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று 1937ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கை நீருக்காகப் பத்து ஆண்டுகள், அதில் மூன்று நாள் குறைவு!

சட்டத்தில் புகுந்த குளம்

அந்தக் குளத்து நீர் வீண்போகவில்லை. 1950ஆம் ஆண்டு சனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆம் பிரிவு, அரசுப் பணத்தில் பேணப்படும் அல்லது பொதுமக்களுக்கென விடப்பட்ட கிணறுகள், குளங்கள், நீராடு துறைகள், சாலைகள் ஆகியவற்றைச் சாதி காரணமாக எவருக்கும் மறுக்கலாகாது என்று உரைத்தது. அவ்வரிகளைப் படிக்குந்தோறும் மகாட் கரையில் நின்ற மக்களை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், கிணறு, குளம், தண்ணீர்க் குழாய், கழிப்பிடம் ஆகியவற்றில் தடை செய்வதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1976இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் பெற்றது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமோ, நம் மக்கள் பயன்படுத்தும் நீர்நிலையை அசுத்தப்படுத்துவதையும் வன்கொடுமை என்றே வகுத்தது.

சட்டங்களைப் பட்டியலிட்டு நிறைவு கொள்ள நம்மால் இயலவில்லை. 2022ஆம் ஆண்டு டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடித்துவந்த மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது கண்டறியப்பட்டது. குற்றவாளி யார் எனத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு. ஆனால் அந்தத் தொட்டி நம்மை நோக்கி எழுப்பும் கேள்விக்கு நாடு முழுவதும் விடை சொல்லியாக வேண்டும். மகாட் நிகழ்ந்து தொண்ணூற்றைந்து ஆண்டுகளுக்குப் பின்னரும் குடிநீர் இப்படி அஞ்சத்தக்கதாக இருக்கலாமா?

குழாயின் கடைசி முனை

இன்று தடியோடு வந்து கிணற்றடியில் தடுப்போர் குறைந்திருக்கலாம். ஆனால் மறுப்பு வேறு உருவில் வருகிறது. நீர்த்தேக்கத் தொட்டியை ஊருக்குள் கட்டுகிறார்கள்; குழாயை வீதி வீதியாக நீட்டி இறுதியில் நம் காலனிக்குக் கொண்டுவருகிறார்கள். மேட்டிலும் முன்னிலும் உள்ளோர் எடுத்தபின், கடைசி முனையில் அழுத்தம் குறைந்து நீர் சொட்டுகிறது. கேட்டால் பொறியியல் என்பார்கள். குழாய் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்பதே நம் கேள்வி.

2019 ஆகஸ்டு 15இல் வீடுதோறும் குடிநீர் வழங்கும் ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டின் சிற்றூர்களில் சற்றேறக்குறைய 3 கோடியே 23 இலட்சம் வீடுகளுக்கே குழாய் இணைப்பு இருந்தது. அரசின் கணக்குப்படி அத்தொகை 15 கோடியைக் கடந்துவிட்டது. இது பெருமுன்னேற்றமே, மறுப்பதற்கில்லை. எனினும் இணைப்பு வேறு, நீர் வேறு. குழாய் இருக்கும் வீட்டில் நாள்தோறும், போதிய அளவில், தூய நீர் வருகிறதா என்பதே அளவுகோல். நீர் வராத நாளில் குடத்தோடு நடப்பவர் நம் தாய்மாரும் தங்கைமாருமே. அந்நடையில் கரைவது அவர்களுடைய பள்ளி நேரமே.

கழிப்பிடமும் கைகளும்

தூய்மையைப் பற்றிப் பேசுவோர் தூய்மை செய்யும் கைகளைப் பற்றிப் பேசுவதில்லை. 2014 அக்டோபர் 2இல் தொடங்கிய தூய்மை இந்தியா இயக்கத்தின்கீழ்ச் சிற்றூர்களில் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு கூறுகிறது. இரு குழி முறையில் கட்டினால், ஒரு குழி நிறைந்ததும் மற்றொன்றுக்கு மாற்றிவிடலாம். மூடிய குழியில் உள்ளது ஓரிரு ஆண்டில் மட்கி எருவாகிவிடும். எவரும் மலத்தைத் தொட நேராது. கழிவுத் தொட்டியோ நிறைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அதை யாரேனும் அள்ளவேண்டும். அந்த ‘யாரேனும்’ யார் என்பதைச் சாதியே முடிவு செய்துவருகிறது.

கையால் மலம் அள்ளுவோரைப் பணியமர்த்துவதை 1993ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2013இல் மேலும் விரிவான சட்டம் வந்தது. கோலார் தங்கவயலில் பிறந்த பெசவாடா வில்சனும் அவருடைய சபாய் கரம்சாரி ஆந்தோலனும் உச்சநீதிமன்றத்தில் நடத்திய வழக்கில், 1993 முதல் சாக்கடைப் பணியில் இறந்தோர் குடும்பத்திற்குத் தலா 10 இலட்சம் ரூபாய் வழங்கவேண்டும் என்று 2014 மார்ச்சு 27இல் தீர்ப்பு வந்தது. 2023 அக்டோபரில் அத்தொகையை 30 இலட்சமாக நீதிமன்றம் உயர்த்தியது. ஆயினும் நச்சுவாயு நிறைந்த குழியில் இறங்கி மடிவோரின் செய்தி இன்னும் நின்றபாடில்லை. இழப்பீடு உயர்வது ஆறுதலே. இழப்பே நேராதிருப்பதுதான் நீதி.

நாம் செய்யத்தக்கவை

இளைஞர்களே! மகாட் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. தீர்மானம் 1923இல் வந்தது. மக்கள் நடந்தது 1927இல். இடையிலிருந்த ஆண்டுகளில் உரிமை தாளில் உறங்கியது. இன்றும் பல உரிமைகள் அவ்வாறே உறங்குகின்றன.

1992ஆம் ஆண்டின் 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் குடிநீரையும் துப்புரவையும் ஊராட்சிக்குரிய பொருள்களுள் வைத்தது. தமிழகத்தில் கிராமசபை கூடும் நாட்களுள் மார்ச்சு 22ஆம் நாளாகிய உலகத் தண்ணீர் நாளும் ஒன்று. அது மகாட் நாளுக்கு இரண்டு நாள் பின்னே வருகிறது. அன்று நம்மில் கற்றோர் வீட்டிலிருத்தல் தகாது. தெருவில் எந்த நாளில் எவ்வளவு நேரம் நீர் வந்தது என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். தொட்டியை எப்போது கழுவினார்கள், நீரை எப்போது சோதித்தார்கள் என்று சபையில் கேளுங்கள். புதிய கழிப்பறைக்கு இரு குழி வேண்டுமென்று வற்புறுத்துங்கள். கேள்விகளை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறச் செய்யுங்கள்.

இவை சிறிய செயல்களே. ஆனால் எழுதப் படிக்கத் தெரிந்த சமுதாயத்தால்தான் இவற்றைச் செய்ய முடியும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளின் கையில் எழுதுகோலைக் கொடுத்து வந்திருப்பது வேலைக்கு மனு எழுதுவதற்கு மட்டுமன்று. குடத்தோடு காத்து நின்ற அந்தத் தாய்மாரின் சார்பில் கேட்கவேண்டியதைக் கேட்பதற்கும் அதுவே கருவி. அவர்கள் நின்ற இடத்தில் நம் பிள்ளைகள் நிற்கலாகாது; அதற்கு நாம் இன்று நிற்கவேண்டிய இடம் கிராமசபையே.